குத்தூசிக்காரர் குத்தாத வண்டி

கடவுளே நேரில் இறங்கி வந்திருந்தாலும், எங்கள் தோட்டத்து கேட்டில் குத்தூசிக்காரரிடம் ஒரு குத்து வாங்காமல் உள்ளே நுழைந்திருக்க முடியாது.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். கலும்பாங் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று வீட்டில் ஒரு பிடி அரிசி வைக்க விடமாட்டார்கள். அரசாங்கச் சமையற்கூடத்தில் பொங்கிய சோறுதான் எல்லாருக்கும். கேட்டில் சோதனை போட ஓர் ஆள். மூட்டைக்குள் செருகி அரிசி எடுத்துப் பார்ப்பார்களே, அந்தக் குத்தூசிதான் அவர் ஆயுதம். அதுவே அவர் பெயரும்.

மனிதர் எதைத்தான் விட்டார்? பூசணிக்காயைக் குத்தினார். உறுமியைக் குத்தினார், அந்த வருடம் சாமி மேளமில்லாமலே ஆடியது. கல்யாணப் பெண்ணின் தலையணையைக் குத்தியதில் பஞ்சு பறந்து, மாப்பிள்ளை தும்மிக்கொண்டே தாலி கட்டினார்.

"யோவ், புள்ளைக்கு வாங்குன ரொட்டியயுமா?"

"ரொட்டிக்கென்ன கொம்பா மொளச்சிருக்கு? காட்டு லா!"

துரையின் காருக்கும் போலீஸ் ஜீப்புக்கும் மட்டும் குத்து கிடையாது. சமையற்கூட சூப்பர்வைசரின் கழனித்தண்ணி வண்டிக்கும் கிடையாது. வெளியே அவருக்கு மாடுகள் இருந்தன. அரசாங்க வண்டி, தொடாதே என்று உத்தரவு.

அந்தக் கூடத்தில் சோறு பொங்கியவள் நான். வர வரச் சோறு கஞ்சியாகிவிட்டது. பால்வெட்டிவிட்டு வந்த சனம் பானையைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டியது. அரிசி எங்கே போகிறது என்று ஒருநாள் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்: கழனிப் பீப்பாய்க்குள். நான் பார்த்ததை அந்த சூப்பர்வைசர் பாவியும் பார்த்துவிட்டான்.

"வாயத் தொறந்த, நீதான் காட்டுக்கு அரிசி கடத்துனன்னு போலீஸ்ல சொல்லிருவேன். புருசன் புள்ளையோட இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்" என்றான்.

இரண்டு நாள் தலைகுனிந்து கஞ்சியையே ஊற்றினேன். ஆனாலும் பிள்ளைகள் பசியில் அழுவதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியுமா? கேட்டில் கூடையைக் காட்டும்போது குத்தூசிக்காரரிடம் மெல்லச் சொல்லிவிட்டேன்.

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா எங்க குடும்பமே போச்சுண்ணே."

"நீ எங்கிட்டப் பேசவே இல்ல. போ புள்ள" என்றவர் கூடையை ஒரு குத்துக் குத்தினார்.

மறுநாள் கழனி வண்டி வந்தது. தொடவில்லை! அட பேடிப்பயலே என்று மனதுக்குள் வைதேன். ஆனால் அன்றைக்கே துரைசாணியின் பிறந்தநாள் கேக்கைக் குத்தினார். அடுத்து போலீஸ் ஜீப்பின் மெத்தையைக் குத்திக் கிழித்தார். ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்று தோட்டமே பேசியது. மாரியம்மன் கோயில் உண்டியலையும் குத்தப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. வண்டியை மட்டும் குத்தினால் 'யார் சொன்னது?' என்று கேட்பார்களே!

இவரை வேலையைவிட்டுத் தூக்க, சூப்பர்வைசரே போலீஸ் துரையைக் கேட்டுக்கு அழைத்து வந்தான். அந்த நேரம் பார்த்துக் கழனி வண்டி வந்தது. குத்தூசிக்காரர் கையை ஓங்கினார்.

"டேய், அது கவர்மெண்டு வண்டிடா!"

"ஐயாவோட ஜீப்பும் கவர்மெண்டு வண்டிதாங்க. அதயே குத்திட்டேன்."

போலீஸ் துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுச்சோக்!" என்றார் மலாயில். குத்து என்று அர்த்தம். விடுவாரா நம் ஆள்? மேலே ஒரு சாண் கழனி. அடியில் ரப்பர் ஷீட்டில் பொதிந்த பச்சரிசி. குத்தூசியிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எவ சொல்லிக் குடுத்தா?" என்று சூப்பர்வைசர் வரிசையில் நின்ற எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினான். நான் முன்னால் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இவனுக்கு எவ சொல்லணும்? தொரைசாணி கேக்கயே குத்துனவன்லா!" என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர். கேட்டில் நின்ற கூட்டமே சிரித்தது. என் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. பஞ்சு பிதுங்கிய அந்த ஜீப் மெத்தையிலேயே உட்காரவைத்து அவனைக் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலம் சோறு சோறாக இருந்தது. லயத்து வீடுகளெல்லாம் குலவைச் சத்தம்!

மறுநாள் புதுப்பை ஒன்றோடு வந்தேன். எனக்காவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன். சனமெல்லாம் பார்க்க, யாருக்கும் விழாத குத்தாக ஒன்று விழுந்தது. பை கிழிந்தேபோனது.

"நேத்துதான்யா வாங்குனேன்! உன் கையில கட்டி மொளைக்க!"

"புதுசுன்னா என்ன, சட்டம் வேறயா? நட, நட!"

வரிசையே கைகொட்டிச் சிரித்தது. நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே, கண்ணால் அவரைக் கும்பிட்டேன்.