சிப் சித்தரும் சிவப்பு டேப்பும்

லேப்டாப்புக்குப் பேய் பிடித்தால் ஊரே சிப் சித்தரிடம்தான் ஓடும். மூன்று மாடிப் படிக்கட்டு முழுக்க வரிசை. பெட்டியைப் பச்சைக் குழந்தைபோல் துண்டில் சுற்றி ஆயிரம் பேர். கடைசி ஆள் பக்கத்துத் தெருவில் நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவர் பக்கத்து ஊரில்.

பேய் லேசுப்பட்டதா? கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்பை ஏலத்தில் எடுப்பார்கள். நெட்டில் இணைத்ததும் திரை இருண்டு, "நான் இன்ன கம்பெனியின் உடைமை. என்னைத் திருப்பி ஒப்படை" என்று எழுத்து எழும். ஹார்டு டிஸ்க்கையே பிடுங்கிப் புதிது போட்டாலும் அதே ஓலம். செத்துப்போன மேனேஜரின் ஆவி, வேறென்ன!

சித்தர் மூன்று முறை ஊதுவார். பெட்டியின் அடியில் சிவப்புக் காப்பு டேப் ஒட்டுவார். "நாப்பது நாள் நெட்டுல காட்டாதே" என்பார். காட்டாதவரை பேய் வராது. காட்டினால் வரும், விரதத்தைக் கெடுத்த பாவி நீதான். காணிக்கை பணமல்ல, சார்ஜர். பேய் ஒயர் வழியாகத்தான் ஏறுமாம். கீழே அவர் மைத்துனர் கடையில் அவரவர் சார்ஜரை அவரவரே விலைக்கு வாங்கிக்கொண்டு பக்தியோடு வீடு திரும்புவார்கள்.

அன்று வரிசையில் வந்த ஒரு தட்டச்சுக்காரிக்கு நாற்பது நாள் ஏது? மறுநாள் காலை ஒன்பதுக்குப் புது வேலை, வீட்டிலிருந்தே. நெட் இல்லையென்றால் வேலையும் இல்லை. லேப்டாப்பை ஏலத்தில் எடுத்துக் கொடுத்த அக்காள் புருஷனே அவளை இங்கே இழுத்து வந்திருந்தார்.

சித்தர் ஊதினார், ஒட்டினார்.

"மாமா, எல்லாப் பெட்டியிலயும் ஏன் ஒரே இடத்துல ஒட்டறாரு?"

"வாயை மூடு. அது உயிர்நிலை."

அவள் நகத்தால் டேப்பைக் கிளப்பினாள். கூட்டம் அலறியது. ஓர் அம்மாள் மயங்கி விழப் போய், வரிசை போய்விடுமே என்று நின்றபடியே மயங்கினாள்.

டேப்புக்கு அடியில் இருந்தது கம்பெனியின் ஃபோன் நம்பர்!

அங்கேயே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பிஸ்கட்டை மென்றுகொண்டே ஒரு குமாஸ்தா பேசினார்.

"ஏலத்துல போனதா? அட, பட்டியல்லேருந்து எடுக்க மறந்துட்டோம்மா. திருட்டுப் போனா கண்டுபிடிக்க மதர்போர்டுலயே ஒரு பூட்டு வெச்சிருக்கோம். டிஸ்க்கை மாத்தினாலும் அது போகாது. பெட்டி நம்பரைச் சொல்லு... ம், எடுத்தாச்சு. நெட்டுல போடு."

சித்தரின் டோக்கன் மேசை வைஃபையிலேயே போட்டாள். திரை பளிச்சென்று சிரித்தது. மேனேஜரின் ஆவியை ஓட்டியது ஒரு வாய் பிஸ்கட்.

"நான் ஊதினது இப்பத்தான் பலிக்குது!" என்றார் சித்தர்.

"அப்ப அடுத்த பெட்டியை நெட்டுல போட்டுட்டு ஊதுங்க சாமி."

ஊதினார். கன்னம் பூசணியானது. கண் பிதுங்கியது. "என்னைத் திருப்பி ஒப்படை" என்றது பெட்டி.

ஃபோன் கனைத்தது. "வெச்சிடாதேம்மா. போன வருஷம் எங்ககிட்டேருந்து களவு போன பெட்டி ஒண்ணு, நீ இருக்கிற அதே இணைப்புலேருந்துதான் இப்ப சிக்னல் குடுக்குது. அதைப் பூட்டவும் மறந்துட்டோம். இரு, பூட்டறேன்."

டோக்கன் போட்டுக்கொண்டிருந்த சித்தரின் சொந்த லேப்டாப் இருண்டது. "நான் களவு போன பெட்டி" என்று கொட்டை எழுத்து எழுந்தது.

சித்தர் ஒரே தாவலில் எட்டுப் படி இறங்கினார். வரிசை மரியாதையாக விலகி வழிவிட்டது.

"ஐயையோ, சாமிக்கே பேய் பிடிச்சிருச்சே! இனி அவருக்கு யாரு ஓட்டறது?" என்றார் அக்காள் புருஷன்.

"போலீஸ்காரங்க ஓட்டுவாங்க மாமா. பெட்டியைச் சுமந்துட்டு வந்தவங்க எல்லாரும் தலையையும் சுமந்துட்டுத்தானே வந்தீங்க? அதையும் ஒருதரம் ஆன் பண்ணிப் பாருங்க."