பழவங்காடிக்கு வரச்சொன்ன உளவாளி

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. பால் பாக்கெட்டில் தேதியை இரண்டு முறை பார்ப்பேன். ஆட்டோக்காரர் மலையாளத்தில் "இதாணு வழி" என்றால், உடனே போனைத் திறந்து வழி பார்ப்பேன். (இதையெல்லாம் எழுதேன் என்று என் கணவர் சொன்னபோதுகூட, இதில் இவருக்கு என்ன லாபம் என்று அரை நாள் யோசித்தேன்.) இப்படிப்பட்ட குணத்தோடு ஒருத்தி வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். நான் ஒரு போராட்டத்துக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளராகப் போனேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், மூடிக்கிடந்த ஒரு டியூஷன் சென்டரில் நாங்கள் பன்னிரண்டு பேர் கூடுவோம். பூமி சூடாகிறது, யாராவது ஏதாவது செய்ய வேண்டும், அந்த யாராவது நாம்தான் என்ற தீர்மானத்தோடு இருந்தோம். எங்கள் தலைவன் அனீஷ், சட்டம் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் எங்கள் பேச்சை உலகத்திலிருந்து இறக்கி ஊருக்குள் கொண்டுவந்தான். சாலை பஜாரில் உச்சி வெயிலில் மூட்டை தூக்குகிறவர்களுக்குப் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஓய்வு வேண்டும். கோடைக்குக் கோடை வரும் உத்தரவாக இல்லாமல், அது சட்டமாக வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை.

ஒரு எம்.எல்.ஏ. இரக்கப்பட்டார். "வேலை செய்கிற ஆட்களோடு வாருங்கள். பாளையத்தில், சட்டசபைப் பக்கம், காலை பத்து மணி. மனு கொடுங்கள், அன்றைக்கே சபையில் பேசுகிறேன்" என்றார். பத்தே நிமிஷம்தான் கிடைக்கும். நாற்பது தொழிலாளிகள் வருவார்கள் என்று அனீஷ் சொன்னான். யார் கூட்டி வருகிறார்கள் என்று கேட்டதற்குச் சிரித்தான்.

"நீயல்லே ரூல் போட்டது மீனு? தேவையில்லாம யாரோட பேரும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு."

உண்மைதான், அது என் விதி. என் இரண்டாவது விதி, நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் மதியம் வரை எல்லாரும் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது. (நம்மைக் கண்காணிக்கிறார்களாம். பன்னிரண்டு பேரை.)

இத்தனை விதிக்கும் காரணம், எங்கள் நடுவே ஓர் உளவாளி இருக்கிறார் என்று நான் உறுதியாக நம்பியது. ஆதாரம் இருந்தது. டீக்கடையில் ஒரு போலீஸ்காரர் என்னிடம், "அடுத்த மாசம் ஜாதை உண்டல்லோ?" என்று விசாரித்தார். ஊர்வலம் போவது இவருக்கு எப்படித் தெரியும்? அன்றே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு மாதமாகக் கூட்டத்துக்கு வரும் வாசு அண்ணன். ஐம்பது வயசு இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கதவோரம் உட்காருவார், வாயே திறக்க மாட்டார், சின்ன நோட்டுப் புத்தகத்தில் என்னவோ எழுதுவார். அதுவும் நான் பேசும்போது மட்டும் நிமிர்ந்து, என்னையே பார்த்து எழுதுவார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மறைக்க ஒன்று வைத்திருக்கிறவளுக்குத்தான் ஊரெல்லாம் உளவாளியாகத் தெரியும். என் அப்பாவுக்கு சாலை பஜாரில் பிளாஸ்டிக் மொத்த வியாபாரம். வாளி, குடம், கேரி பேக், தார்ப்பாய். திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்த குடும்பம், இரண்டு தலைமுறையாக அதே தொழில். எங்கள் கூட்டத்தில் பிளாஸ்டிக்குக்கு எதிராகக் கடுமையாகப் பேசியவள் நான்தான். பேசிவிட்டு, அந்த வியாபாரம் வாங்கித் தந்த ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவேன். அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி வேலை என்று சொல்லியிருந்தேன்.

சேருமிடத்தை எல்லாருக்கும் சொல்லும் பொறுப்பை அனீஷ் என்னிடம் கொடுத்தான். நான் ஒரு பொறி வைத்தேன். வாசு அண்ணனிடம், "பழவங்காடி கணபதி கோயில் முன்னால், ஒன்பதரை மணி" என்றேன். திவ்யா ஓயாமல் செல்ஃபி எடுப்பவள், அவளுக்கும் அவள் தோழிகள் மூவருக்கும் மியூசியம் வாசல். அதிகம் சிரிக்கும் நாலு பையன்களுக்குச் சங்குமுகம் கடற்கரை. எந்த இடத்துக்குப் போலீஸ் வருகிறதோ அந்த இடத்துக்காரர்தான் உளவாளி. அதன்பின் ஒன்பதே முக்காலுக்கு மற்றவர்களுக்குப் போன் போட்டு, "பாளையத்துக்கு வாங்க" என்று சொல்லிவிடலாம்.

தப்பு கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற நான், இந்தத் திட்டத்தை ஏழெட்டு முறை சரிபார்த்தேன். ஒரு தப்பும் தட்டுப்படவில்லை.

அன்று காலை பழவங்காடியில், தேங்காய் உடைக்கிறவர்கள் கூட்டத்தில் ஒருத்தியாக, கையில் ஒரு தேங்காயோடு ஒளிந்து நின்றேன். பக்தைபோலத் தெரிவதற்காக நெற்றி நிறைய சந்தனம். ஒன்பதரைக்கு வாசு அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை இல்லை, நீலச் சட்டை. பின்னாலேயே இன்னும் நாற்பது நீலச் சட்டைகள், தோளில் சிவப்புத் துண்டு. சுமைதூக்கும் தொழிலாளர்களின் சீருடை. நடைபாதை போதாமல் ரோட்டில் நின்றார்கள். பஸ் நின்றது. ஹாரன் கூச்சல். ஐந்தே நிமிஷத்தில் போலீஸ் ஜீப்.

எனக்கு நீலச் சட்டை கண்ணில் படவில்லை, ஜீப் மட்டும்தான் பட்டது. பாய்ந்து ஓடி, தேங்காயை நீட்டிக் கத்தினேன்: "பிடிச்சிட்டேன்! நீங்கதான் போலீசுக்கு ஆள்!"

ஜீப்பிலிருந்து இறங்கியது டீக்கடை போலீஸ்காரரேதான். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மோளே, அனீஷ் ஸ்டேஷனில் வந்து லெட்டர் தந்ததல்லே? பாளையம் என்னாணல்லோ எழுதியது. நிங்கள் எந்தா இவிடெ?" (பாளையம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே என்ன செய்கிறீர்கள் என்கிறார்.)

ஊர்வலம் என்றால் முன்கூட்டியே ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது இந்த ஊர் வழக்கம், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

வாசு அண்ணன் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "போலீசுக்கு ஆளா? நான் மூட்டைக்கு ஆளாக்கும் மோளே. நீதான் கடைக்காரங்க அனுப்பின ஆள்னு ஒரு மாசமாயிட்டு நான் உன்னை நோக்கிட்டிருக்கேன்" என்று நோட்டுப் புத்தகத்தை விரித்தார். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், 'பிளாஸ்டிக் கடைக்காரன்றெ மகள். சூக்ஷிக்கணம்' என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். "அனீஷ்கிட்டயும் சொன்னேன். அவன் நம்பலை. 'மீனுவை மட்டும் சந்தேகப்படாதீங்க அண்ணா'ன்னுட்டான்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சந்தேகப்பட எல்லாக் காரணமும் கையில் இருந்தும் ஒருத்தன் என்னை நம்பி இடம் சொல்லும் வேலையைக் கொடுத்திருக்கிறான்.

"எல்லாருக்கும் போன் பண்ணுறேன் அண்ணா" என்று போனை எடுத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொன்னது. அடுத்த நம்பருக்கும் அதையே சொன்னது. எட்டுப் பேருக்கும் போட்டேன். எட்டு முறையும் அந்த அம்மாள் பொறுமையாகவே சொன்னாள். நானே கடைப்பிடிக்காத என் இரண்டாவது விதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இயக்கம் என்றால் அப்படியொரு கட்டுப்பாட்டோடு இருந்திருக்கிறார்கள் படுபாவிகள்.

அப்போது பின்னாலிருந்து இன்னொரு குரல்.

"ஏட்டி மீனு! நீ இங்க என்ன செய்யுதே?"

அப்பா. கடை வாசலில் சரக்கு லாரி நிற்கிறது, இறக்க ஆள் இல்லை, நாற்பது பேரும் எங்கே என்று தேடி வந்திருக்கிறார். மகள் சந்தனமும் தேங்காயுமாக நடுரோட்டில் நிற்கிறாள்.

"கம்பெனில வேலைன்னியே?"

நாற்பது பேரும் ஒருசேர என்னைப் பார்த்தார்கள். தேங்காயைப் போலீஸ்காரர் வாங்கிக்கொண்டார். (ஆயுதமாகக் கருதியிருக்கலாம்.)

அங்கிருந்து பாளையம் வரை வேகமாக நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபத்தைந்து. அனீஷும், நான் சரியான இடம் சொல்லியிருந்த இன்னொரு பெண்ணும் மட்டும் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். எம்.எல்.ஏ. பத்து ஐந்து வரை காத்திருந்தாராம். இரண்டு பேரையும் பார்த்து, "இன்னும் ரெண்டு பேர் இருந்தா கேரம்ஸாவது களிக்கலாமாயிருந்து" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டாராம். மனு அனீஷ் மடியிலேயே இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

சாலை பஜாருக்குத் திரும்பியபோது உச்சி வெயில். லாரி அப்படியே நின்றது. வாசு அண்ணன் கடை முன்னால் நின்று அப்பாவிடம் சொன்னார்: "மொதலாளி, பன்னெண்டுலேர்ந்து மூணு வரை சட்டம் வாங்கப் போனோம். இடம் மாறிப் போனது உங்க மோளால. அதனால மூணு மணி வரை இந்த லாரி இப்படித்தான் நிக்கும். இன்னைக்கு மட்டும் இல்ல, நாளைக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக அந்தப் பஜாரில் ஒரு பைசா விட்டுக்கொடுக்காத மனுஷன். மகள் செய்ததற்கு அவர் முகம்தான் தொங்கியது.

"நிக்கட்டும்" என்றார். உள்ளே போய்ப் பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்றை இழுத்து வந்தார். "இதைப் பிடிட்டி" என்று ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். கடை வாசலில் பந்தல் மாதிரிக் கட்டினோம். நாற்பது பேரும் அதன் அடியில் உட்கார்ந்தார்கள். எங்கள் பருவநிலை இயக்கம் அந்த வருஷம் சாதித்தது அந்த ஒன்றைத்தான். அதுவும் பிளாஸ்டிக்.

தார்ப்பாய் இன்றும் அங்கே இருக்கிறது. கிழிந்தால் அப்பாவே மாற்றுகிறார். பக்கத்துக் கடைகள் இரண்டிலும் வெட்கப்பட்டுக் கட்டிவிட்டார்கள். சட்டம் வரவில்லை. அனீஷ் இன்னும் மனு எழுதுகிறான், நான் இன்னும் போகிறேன், ஆனால் இடம் சொல்லும் வேலை மட்டும் எனக்கு இல்லை. வீட்டில் நான் எங்கே போவதாகச் சொன்னாலும், "அது நெசமான இடமா, வாசுவுக்குச் சொன்ன இடமா?" என்று அப்பா கேட்காமல் விட மாட்டார்.

என் கல்யாணப் பத்திரிகையை வாசு அண்ணனுக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். நோட்டுப் புத்தகத்தில் மண்டபத்தின் பெயரை எழுதிக்கொண்டார். அடுத்த நாள் காலை மண்டபத்து மேனேஜர் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், ஒரு வாசு அண்ணன் இங்க வந்து நிக்கறார். இன்ன தேதிக்கு இன்ன பொண்ணுக்கு இங்கதான் கல்யாணம்னு எழுதித் தரணுமாம்."

எழுதிக் கொடுக்கச் சொன்னேன். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தவர் அவர்தான், நாற்பது பேரோடு.