மூத்தவங்க வீட்டுக் குமுதா

“எல்லா புக்கிங்கும் கேன்சல், ஆன்டி. நேத்து சாயங்காலமே ஈமெயில் போட்டுட்டோமே, பார்க்கலியா?” என்றான் விடுதி மேனேஜர் பர்வேஸ்.

குமுதா பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வந்திருப்பாள்.

“மூணு மாசத்துக்கு முந்தி போட்ட புக்கிங், தம்பி. பிரிக்பீல்ட்ஸ்லேருந்து ரயில் ஏறி, அப்புறம் கிராப் டாக்சி புடிச்சு வந்திருக்கேன்.”

“நான் என்ன செய்யறது லா? ஞானசம்பந்தம் குடும்பம்னு ஒரு பெரிய குடும்பம். ஃபேமிலி டேக்கு மொத்த ஹாஸ்டலையும் எடுத்துட்டாங்க. நாப்பது பேரு, மத்தியானம் பஸ்ல வராங்க. வேற ஆள விடக்கூடாதுன்னு மேலிடத்து ஆர்டர்.”

அவ்வளவுதான். பர்வேஸ் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்விட்டான்.

குமுதா பையைத் தரையில் வைத்தாள். எதிரே ஏரி வெயிலில் பளபளத்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐம்பத்து நான்கு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, தனக்கென்று எடுத்த விடுமுறை அது.

கல்யாணம் செய்துகொள்ளாத மூத்த அக்கா என்றால் நம் வீடுகளில் அது ஒரு பொதுச் சொத்து. பள்ளி விடுமுறை விட்டால் தம்பி ராதாகிருஷ்ணன் செராஸிலிருந்து மனைவி, மூன்று பிள்ளைகள், அழுக்குத் துணிமூட்டை சகிதம் குமுதாவின் பிளாட்டில் வந்து இறங்குவான். இந்த முறை ஒரு படி மேலே போய், “அக்கா, நீ தனியா கஷ்டப்படுறே. அடுத்த மாசம் நாங்க ஒரேயடியா உன்கூட வந்துடுறோம்” என்றான். குமுதா முடியாது என்றாள். அவன் சிரித்தான். “எங்கள விட்டு உன்னால ரெண்டு நாள் இருக்க முடியுமா? இருந்து காட்டு. நாங்க செராஸ்லயே இருந்துக்கறோம்.”

இப்போதும் உபரிச் சாவியால் கதவைத் திறந்து, அவளுடைய சோபாவில்தான் உட்கார்ந்திருந்தான். ஃபோன் அடித்தது.

“அக்கா, சாம்பார் பொடி எங்க இருக்கு? சரி விடு, எப்படியும் மத்தியானத்துக்குள்ள வந்துடுவே இல்ல?”

“நாளைக்கு மத்தியானம் வருவேன்” என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

வராந்தாவில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கிளிப்பச்சை நிறத்தில் டீ-ஷர்ட்டுகள். முதுகில் ‘ஞானசம்பந்தம் குடும்ப தினம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மலேசியாவில் ஒரே நிறச் சட்டை போடாமல் எந்தக் குடும்பமும் கூடியதாகச் சரித்திரம் இல்லை. குடும்பத்தின் முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள் போலும், பச்சைச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் அதற்குள் மரத்தடியில் பைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

குமுதா இடமும் வலமும் பார்த்தாள். ஒரு சட்டையை உருவிக்கொண்டு கழிவறைக்குள் நுழைந்தாள். நுழைந்தது பெட்டாலிங் ஜெயா வக்கீல் ஆபீஸில் முப்பது வருடம் ஒரு பொய்க் கையெழுத்துகூடப் போட்டறியாத குமாஸ்தா. வெளியே வந்தது ஞானசம்பந்தம் வாரிசு.

கவுன்டரில் சமையல்காரர் ஷாஹுல் மட்டும் இருந்தார். வேலை பெர்மிட்டில் கீழக்கரையிலிருந்து வந்தவர், மேனேஜர் இல்லாதபோது எல்லாமே அவர்தான். யாரிடமோ பேசி முடித்து ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“குடும்பமாக்கா?”

“ஆமா.”

“எந்தப் பக்கம்?”

“கிள்ளான் பக்கம்” என்றாள் குமுதா, எதற்கும் இருக்கட்டும் என்று.

ஷாஹுல் மீசையைத் தடவிக்கொண்டே சாவியை நீட்டினார். “பெண்கள் அறை, ஜன்னலோரக் கட்டில். சந்தோஷமா இருங்க.”

அறையில் கால் வைத்ததுமே மாட்டிக்கொண்டாள். பச்சைச் சட்டை போட்ட ஒரு கனத்த பெண்மணி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள்.

“அடடே, வாங்க வாங்க! எத்தன வருஷமாச்சு பார்த்து! நான் தாமரை!”

“ஆமாமா, தாமரை! அப்படியே இருக்கே! நான் குமுதா.”

“நீங்க மூத்தவங்க வீடுதானே?”

“மூத்தவங்க வீடேதான்.”

“பார்த்தாலே தெரியுது. அதே மூக்கு” என்றாள் தாமரை.

சொந்தக்காரர்களிடமிருந்து தப்பிக்க வந்தவள், நாற்பது சொந்தக்காரர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். ஒருத்தர் சரியாக ஒரு கேள்வி கேட்டால் போதும், சாயங்காலத்துக்குள் பிரிக்பீல்ட்ஸில் அவள் கையால் சாம்பார் கொதிக்கும். ஆனால் நம் குடும்பங்களில் ஒரு வசதி உண்டு. வந்திருப்பவரைப் பார்த்து ‘நீங்க யாரு’ என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் மரியாதைக் குறைவு. அந்தப் பக்கத்து ஆள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் வழுக்கைத் தலையோடு ஒருவர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயர் வாசு. வயதில் பெரியவராகத் தெரிந்ததால் எல்லோரும் பெரியப்பா என்றார்கள். அவர் குமுதாவை அருகே அழைத்து, மூலையில் பச்சைச் சட்டையோடு இருந்த வெள்ளைக்கார இளைஞனைக் காட்டி, “அது யார் மாப்பிள்ளைம்மா?” என்று காதோடு கேட்டார்.

தெரியாது என்றால் கதை கந்தல். “பினாங்கு அக்கா மருமகன்” என்றாள்.

பத்து நிமிடத்தில் அந்தப் பையன் ‘பினாங்கு மாப்பிள்ளை’ ஆகிவிட்டான். தாமரை அவன் தட்டில் இரண்டாம் முறை கோழி வைத்து, “நம்ம வீட்டு மாப்பிள்ளை கூச்சப்படலாமா?” என்றாள். அவனும் “பினாங், யெஸ், வெரி நைஸ்” என்று தலையாட்டினான். ஒரு சீனத் தம்பதி எந்தக் கேள்விக்கும் “சம்பந்தி, சம்பந்தி” என்று சிரித்தார்கள். என்ன அருமையான குடும்பம், எல்லா இனமும் கலந்திருக்கிறது என்று குமுதா நினைத்துக்கொண்டாள்.

ஆபத்து ராத்திரிச் சாப்பாட்டு வடிவில் வந்தது. மதியச் சாப்பாடு மட்டும்தான் விடுதிக் கணக்கு, ராத்திரிக்குக் குடும்பமே சமைத்துக்கொள்ள வேண்டும் என்று ஷாஹுல் சாமான்களைக் காட்டினார். வாசு பெரியப்பா கையைத் தட்டினார்.

“மூத்தவங்க வீடுதான் முன்ன நிக்கணும். குமுதா, கரண்டிய எடும்மா.”

முப்பது வருடமாக அவள் கேட்டுக் கேட்டுப் புளித்த வசனம். மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லை என்று அவளுக்குள் ஏதோ நிமிர்ந்து நின்றது.

“நான் சமைக்க வரல. ஏரியப் பார்க்க வந்தேன். கரண்டி உங்க பக்கத்துலதான் இருக்கு, நீங்களே எடுங்க.”

தொலைந்தோம் என்று நினைத்தாள். அப்போது தாமரை வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “நானும் சமைக்க வரல!” அவளைத் தொடர்ந்து எல்லாப் பெண்களும் கையைக் கழுவிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் சோற்றை வறுத்து நாசி கோரெங் என்ற பெயரில் ஒன்றைச் செய்தார்கள். அதில் உப்பு மட்டும் தாராளம். ஆனால் யாரோ சமைத்து, தான் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படியிருக்கும் என்று குமுதாவுக்கு அன்றுதான் தெரிந்தது. தேவாமிர்தம்.

அதற்கு முன்னால் தேநீர் வேளையில் இன்னொரு கண்டம். “தாத்தா ஞானசம்பந்தத்தைப் பத்தி ஆளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லலாமே” என்று யாரோ கிளப்பிவிட, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். துக்கம் போல என்று நினைத்து, குமுதாவே துணிந்து ஆரம்பித்தாள்.

“தாத்தாவுக்குக் கத்திரிக்காய் புடிக்காது.”

“புடிக்கவே புடிக்காது!” என்றாள் தாமரை.

“ரயில்வேல அவருக்கு அவ்ளோ மரியாதை” என்றார் ஒருவர். “ரப்பர் தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணியா இருந்தப்போ...” என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“ரெண்டு வேலையும் பார்த்தாரு. உழைப்பாளி” என்று குமுதா அடித்துச் சொன்னாள். வாசு பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ராதாகிருஷ்ணன் வீடியோ காலில் வந்தான்.

“அக்கா, இன்னும் வரலியா? சின்னவன் சாப்பிடமாட்டேங்கறான். பிடிவாதம் போதும், கிளம்பி வா.” அவள் முதுகுக்குப் பின்னால் பச்சைப் படை தெரிந்தது. “யாரு அவங்கல்லாம்?”

தாமரை ஃபோனைப் பிடுங்கினாள். “நீ யாருப்பா, எங்க அக்காவ மிரட்டுறது?”

“நான் அவங்க தம்பி!”

“தம்பியாம்! குடும்பத்துல இப்படி ஒரு மூஞ்சிய நாங்க பார்த்ததே இல்லையே!”

வாசு பெரியப்பா எட்டிப் பார்த்தார். “தம்பி, இது எங்க குடும்ப விஷயம். வெளியாளு தலையிடாதீங்க. வைங்க ஃபோன.”

பினாங்கு மாப்பிள்ளைகூட விரலை ஆட்டி, “நோ, நோ” என்றான். குமுதா ஃபோனை வாங்கி, திகைத்துப் போயிருந்த தம்பியின் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: “கேட்டே இல்ல? சாம்பார் பொடி கடையில கிடைக்கும்.”

ஞாயிறு காலை தம்பியிடமிருந்து செய்தி வந்திருந்தது. ‘செராஸுக்குக் கிளம்பிட்டோம். சாவி பக்கத்து வீட்டுல. நீ உன் வீட்டுலயே தனியா இரு.’

குமுதா அதை மூன்று முறை படித்தாள். பிறகு ஏரிக்கரையில் உட்கார்ந்து, யாருக்கும் டீ போட்டுக் கொடுக்காமல், தான் மட்டும் ஒரு டீ குடித்தாள்.

மத்தியானம் ஒவ்வொருவராகச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். பச்சைச் சட்டை யார் உடம்பிலும் இல்லை, பயணத்துக்கு மாற்றிக்கொண்டார்கள் போல. தாமரை கட்டிப்பிடித்து அழுதாள். அந்த அழுகைதான் குமுதாவைக் குத்தியது. தம்பியை ஜெயித்தாயிற்று, சரி. இந்த நல்ல குடும்பத்தை அல்லவா ஏமாற்றிவிட்டோம்?

எல்லோரும் போன பிறகு, சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போனாள்.

“தம்பி, மன்னிச்சிடுங்க. எனக்கு ஞானசம்பந்தமும் தெரியாது, கிள்ளான் பக்கமும் கிடையாது. புக்கிங்க கேன்சல் பண்ணாங்க, வீட்டுக்குத் திரும்பிப் போக மனசில்ல. அதான் சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டேன். அந்தக் குடும்பத்துக்கிட்ட என் சார்பா ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

ஷாஹுல் சட்டையை வாங்கி, மேசைக்கடியில் மடித்து அடுக்கியிருந்த பச்சைக் குவியலின் மேல் வைத்தார்.

“காலையிலேருந்து இதையே சொல்லிச் சட்டையத் திருப்பிக் கொடுத்தவங்கள்ல நீங்க முப்பத்தேழாவது ஆளு, அக்கா; அந்தக் குடும்பம் வரலைன்னு நேத்து நீங்க சாவி வாங்க வந்தப்பவே ஃபோன் பண்ணிடுச்சு.”