காகித விமானமும் சேர்த்தியில்லை ஆசாமியும்

மனிதர்களில் 'சேர்த்தியில்லை' என்றொரு வகை உண்டு. தேடி அலைய வேண்டாம். வங்கி வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவராகவே இருக்கலாம். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி, முள் போகிற போக்கைப் பார்த்துப் பதறி, செருப்பைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து வைத்து, மூச்சையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறி, அப்போதும் முள் மசியாவிட்டால், "இப்பத்தான் சாப்பிட்டேன், இது சேர்த்தியில்ல" என்று இறங்கிவிடுவார். இறகுப்பந்து ஆடினால் முதல் மூன்று சர்வீஸும் பழக்கத்துக்கு. நாலாவது வலையைத் தாண்டினால்தான் ஆட்டமே ஆரம்பம்.

நம்முடைய ஆசாமி அச்சகத்தில் மேற்பார்வையாளர். தாளைக் கட்டைவிரலால் தடவியே அதன் கனத்தைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரை, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் பள்ளியில், 'அளவையும் சராசரியும் படிக்கிறோம். பெற்றோரும் வந்து காகித விமானம் விடலாம்' என்று அழைத்தால் விடுவாரா? அச்சகத்திலேயே உசத்தியான, அட்டை மாதிரி விறைப்பான, பளபளவென்ற தாளில் விமானம் மடித்துக்கொண்டு போனார். மற்றவர்கள் நோட்டுத் தாளைக் கிழித்து மடிப்பதைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது.

விதி எளிது. கோட்டில் நின்று ஐந்து முறை வீச வேண்டும். ஐந்தையும் அளந்து, கூட்டி, ஐந்தால் வகுக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் பூஜ்யம். அளவு நாடா மகள் கையில். அதற்காக வருஷம் முழுக்கக் காத்திருந்தவள் அவள். ஓர் அளவைத் தப்பாக எழுதினாலும் நாடா அடுத்தவள் கைக்குப் போய்விடும் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார்.

முதல் வீச்சு, மின்விசிறிக் காற்றின் தயவில், ஆறு மீட்டர் நாற்பது. வகுப்பே கைதட்டியது. ஆசாமி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் எழுந்து விசிறியை நிறுத்தினார். போயிற்று. அடுத்த வீச்சில் கனத்த தாள் மூக்குக் குப்புற விழுந்தது. ஒன்று பத்து.

"கை வழுக்கிடுச்சு. இது சேர்த்தியில்ல."

மூன்றாவது, இரண்டு இருபது. "யாரோ இருமினாங்க." நான்காவது, எண்பதே சென்டிமீட்டர். "டீச்சர், அந்த ஃபேனக் கொஞ்சம் போடுங்களேன்?" ஐந்தாவதற்கு இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் கையைப் பின்னால் கொண்டுபோனார், விமானம் அங்கேயே நழுவி, அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்தது.

"கண்ணு," என்று குனிந்து மகளின் காதில் கிசுகிசுத்தார், "இன்னொரு தடவ வீசறேன். இத எழுதாத. அப்பாவுக்காகம்மா."

மகள் அப்பாவைப் பார்த்தாள், கையிலிருந்த நாடாவைப் பார்த்தாள். பூஜ்யம் என்று எழுதினாள். கூட்டினாள், வகுத்தாள். "சராசரி ரெண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஆசாமி பொருமிக்கொண்டே வந்தார். "சராசரியாம் சராசரி! ஒருத்தன எத வச்சு மதிக்கணும்? அவன் நல்லா செஞ்சத வச்சு. ஆறு நாப்பது எங்க, ரெண்டு பத்து எங்க!"

"அப்ப என் மார்க்குப்பா?"

"அதுக்கென்ன?"

"கணக்குல நாலு பரீட்சைல தொண்ணூறுக்கு மேல வாங்கினேன். ஒண்ணுல மட்டும் நாப்பத்திரண்டு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அந்த நாப்பத்திரண்ட மட்டும்தானப்பா சொல்றீங்க?"

ஆசாமிக்குச் சுருக்கென்று தைத்தது. மகளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் ஒருவர் என்றோ ஒருநாள் சமையலில் உப்புப் போட மறந்தாரே, அதை இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவதாக உத்தேசம்?