தொண்ணூற்றைந்துக்குள் ஒரு கார்

"நூத்தி ஒண்ணு," என்றாள் சத்தம் அளக்கும் பெண். "தொண்ணூத்தஞ்சுக்குள்ள இருக்கணும். வண்டி ஃபெயில் சார்."

"எது, எங்க வண்டியா?" என்று டிங்கர் மெல்லத்தான் கேட்டார்.

அந்தப் பெண் நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் போனாள். காலையிலிருந்து எத்தனை வண்டிகளின் உறுமலைக் கேட்டாளோ, பாவம், மிரண்டு போயிருக்கிறாள் என்று டிங்கர் மனதுக்குள் இரக்கப்பட்டார்.

ரேஸ் திடலின் ஓரத்தில் ஜன்னல்கூட இல்லாத சின்ன அறை அது. சுவரில் ஒரு திரை. வண்டிகள் ஒவ்வொன்றாக, தனியாக, திடலை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். வெளியே எங்கோ வைத்திருக்கும் கருவி சத்தத்தைப் பிடித்து இந்தத் திரையில் எண்ணாகக் காட்டிவிடும்.

"கருவி சரியா இருக்காம்மா?"

"காலையிலதான் சரிபார்த்தோம் சார். இன்னும் ரெண்டு தடவை ஓட்டலாம். மூணாவதும் ஃபெயிலானா மதியம் ரேஸ்ல இறங்க முடியாது."

டிங்கர் தங்கள் வண்டிக்கு ஒதுக்கியிருந்த கொட்டகைக்கு ஓடினார்.

டிங்கர் என்பது அவர் பெயரல்ல, தொழில். நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவார். கீழே பட்டறை, மாடியில் வீடு. அந்த வீட்டில் எல்லோரும் சுத்தியல் சத்தத்துக்கு நடுவிலேயே சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்கிறவர்கள். நூற்றொன்று என்பது ஒரு பெரிய சத்தம் என்றே அவருக்கு உறைக்கவில்லை.

லாரி மோதி அப்பளமாகி, சொந்தக்காரரே தலைமுழுகிவிட்டுப் போன பழைய குட்டிக் கார் ஒன்று பட்டறை மூலையில் கிடந்தது. அதற்கு ஒரு காரின் கதவையும் இன்னொரு காரின் டிக்கியையும் வைத்து, உள்ளே கம்பிக் கூடு கட்டி, டிங்கர் உயிர் கொடுத்தார். மெக்கானிக்கான அவருடைய மச்சான் ஒரு பெரிய வண்டியின் எஞ்சினைக் கொண்டுவந்து அதற்குள் இறக்கப் பார்த்தார். மேலே முட்டியது. டிங்கர் பானெட்டில் ஒரு திமிலைத் தட்டி எழுப்பினார். எஞ்சின் அடங்கியது. அன்றிலிருந்து காருக்குத் திமில் என்றே பெயர்.

ஓட்டுவது மகள். கல்யாண வயதைத் தொட்டும் வீட்டில் அவள் பாப்பாதான். பாப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தால் டிங்கருக்கு நெஞ்சு சட்டைப் பித்தானைத் தெறிக்கவைக்கும். அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்கவும் முடியாது. பால்காரரிடம் சொல்லிவிட்டார், பெயிண்ட் கடைக்காரரிடம் சொல்லிவிட்டார், தவறுதலாக வந்த ஃபோன் அழைப்பிலும் சொல்லிவிட்டார்.

"என்னப்பா ஆச்சு?" என்று கொட்டகையில் பாப்பா ஹெல்மெட்டைக் கழற்றியபடி கேட்டாள்.

"நூத்தி ஒண்ணாம்!"

"எப்படி? பட்டறையில மாமா அளந்தப்ப தொண்ணூத்தி ஒண்ணுதானே காட்டுச்சு?"

"ஃபோன்ல அளந்தா அப்படித்தான் காட்டும். உன் மாமன் ஃபோனுக்கு என்ன தெரியும்?"

"ஃபோனைச் சொல்லாதீங்க மாப்பிள்ளை," என்றார் மச்சான். "ரெண்டு தடவை அளந்தேன். அக்காவும் கூடத்தான் இருந்தா."

"ஆமாங்க," என்றாள் டிங்கரின் மனைவி. பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க அன்னைக்குத் தகடு வாங்கப் போயிருந்தீங்க. எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா."

அடுத்த கொட்டகையிலிருந்து வெள்ளை ஷூ போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார். அவருடைய புதுக் கார் முதல் தடவையிலேயே தேறியிருந்தது.

"என்னண்ணே, வண்டியா, மாவு மில்லா? இங்கவரைக்கும் சத்தம் கேக்குது."

"மதியம் எங்க வண்டிக்குப் பின்னாலயே வாங்க தம்பி. இன்னும் நல்லாக் கேக்கும்."

வெள்ளை ஷூ தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனால் டிங்கருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. தகரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லித் திரிகிறவர். தன் வேலையால் மகள் வெளியே நிற்பதா?

"சைலன்சர் குழாய் வேலிப் பக்கம் பார்த்து இருக்கு," என்று கண்டுபிடித்தார் மச்சான். "சத்தம் நேரா அங்கதான் போகும். குழாயை அந்தப் பக்கம் திருப்பிட்டா?"

திருப்பினார்கள். டிங்கர் ஒரு குழாய்த் துண்டை வளைத்துப் பற்றவைத்தார். திமிலின் குழாய் இப்போது கோபித்துக்கொண்ட மருமகளைப்போல் எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முதல் சுற்றின்போது நின்ற இடத்திலேயே போய் டிங்கர் நின்றார். நேர்ப்பாதை முடிகிற இடத்தில், வேலியோரம், அவராகத் தேடிப் பிடித்த இடம். வண்டி மூக்குக்கு நேராகப் பறந்து போகும். ஆச்சரியம், அவ்வளவு நல்ல இடத்தில் வேறு ஒருவருமே நிற்கவில்லை. சாப்பாட்டுப் பையை மாட்ட அங்கே வாகாக ஒரு பலகை. சாய்ந்துகொள்ள, தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை வைத்த ஒரு கம்பம்.

திமில் வந்தது. வளைவில் வால் லேசாக வழுக்க, பாப்பா ஒரு கையால் அதைச் சரிசெய்துவிட்டு அம்பாகப் பாய்ந்தாள். டிங்கருக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. குறைந்ததும் ஒரு பயம் வந்தது. இழுவையும் குறைந்திருக்குமோ?

"மிதிம்மா! விடாத! மிதி!" என்று ஊக்கப்படுத்தினார். வண்டி கடந்துபோனதும், பக்கத்தில் சொல்ல ஆள் இல்லாததால் கம்பத்திடமே சொன்னார். "பார்த்தியா? அதுதான் என் பொண்ணு!"

மனசு நிறைந்து அறைக்குப் போனார்.

"நூத்தி நாலு," என்றாள் அந்தப் பெண்.

"ஏறியிருக்கா? குழாயையே திருப்பிட்டோமேம்மா!"

அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். "சார், திருப்பினா அந்தப் பக்கச் சுவர்ல பட்டு எதிரொலிச்சிருக்கும். எனக்கு எண்ணு மட்டும்தான் தெரியும். கடைசித் தடவை. பார்த்துக்குங்க."

கொட்டகையில் மாநாடு கூடியது. கதவு அதிர்கிறதோ என்று கதவுக்குள் பழைய துணியை அடைத்தார்கள். பானெட் அதிர்கிறதோ என்று திமிலைச் சுற்றி டேப் ஒட்டினார்கள். காருக்குத் தலைவலி வந்து கட்டுப்போட்டதுபோல் இருந்தது.

"இதெல்லாம் போதாது," என்றார் டிங்கர். "ரெண்டாவதா ஒரு சைலன்சர் வேணும். ஒரு நல்ல தகர டப்பா கிடைச்சா இப்பவே பண்ணிடுவேன்."

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பி ஒரே திசையில் பார்த்தார்கள்.

"இதுவா?" அவர் மனைவி பிஸ்கட் டப்பாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். "எங்கம்மா கொடுத்தது!"

"உனக்கு மக முக்கியமா, டப்பா முக்கியமா?"

"மகளை நான் பெத்துக்கிட்டேன். இந்த மாதிரி மூடி இறுக்கமா இருக்கிற டப்பாவைப் பெத்துக்க முடியுமா?"

"அம்மா," என்றாள் பாப்பா. ஒரு வார்த்தைதான். கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன. இந்த ஒரு நாளுக்காக அவள் பட்டறையில் கரியும் கிரீசுமாகக் கிடந்ததை எல்லோரும் பார்த்தவர்கள். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிஸ்கட்டுகளைத் துண்டில் கொட்டினாள். டப்பாவை நீட்டினாள்.

அதன்பின் டிங்கர் கை பேசியது. டப்பாவின் இரு பக்கமும் ஓட்டை போட்டார், குழாயை நுழைத்தார். கேன்டீனில் பாத்திரம் தேய்க்க வைத்திருந்த கம்பிநாரை மச்சான் கூடையோடு வாங்கிவந்தார். அதை டப்பாவுக்குள் திணித்தார்கள். இடம் மிச்சமிருந்தது, இன்னும் திணித்தார்கள். திருப்தி வராமல், சுத்தியல் பிடியால் குத்திக் குத்தித் திணித்தார்கள்.

"மாப்பிள்ளை, புகை போக வழி இருக்கா?"

"சத்தம் போக வழி இருக்கக்கூடாது. அதுதான் கணக்கு."

எஞ்சினைக் கிளப்பினார்கள். திமில் தொண்டையில் மீன்முள் சிக்கியவரைப்போல முனகியது. வெள்ளை ஷூக்காரரே வெளியே வந்து, "ஓடுதா?" என்று குனிந்து பார்த்தார்.

டிங்கருக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டியிருக்கவில்லை. துள்ளிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். பையைப் பலகையில் மாட்டினார். கம்பத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

பாப்பா கிளம்பிவிட்டாள் என்று தூரத்தில் கொடி அசைந்தது. சத்தமே இல்லை.

"கேட்டியா?" என்றார் கம்பத்திடம். "ஒண்ணும் கேக்கலைல்ல? அதுதான் வேலை!"

இன்னும் சத்தம் இல்லை. வண்டியும் இல்லை. டிங்கர் எம்பி எம்பிப் பார்த்தார். பாதை வெறிச்சென்று கிடந்தது. மெதுவாக ஓட்டுகிறாளா? பயந்துவிட்டாளா? என் பெண் பயப்படுகிறவளா?

"பாப்பா! வந்துரும்மா! அப்பா இங்கதான் இருக்கேன்! வாடா கண்ணு!" என்று கம்பத்தை இறுகப் பிடித்தபடி வேண்டிக்கொண்டார்.

வேலியில் இருந்த காக்கைகள் ஏனோ மொத்தமாக எழுந்து பறந்தன. திடலின் மறுகோடியில் கொடி பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "வண்டி எண் பதினேழு. நூற்றி எட்டு. தகுதி இழந்தது."

டிங்கர் அறைக்கு ஓடினார். பின்னாலேயே மனைவியும் மச்சானும் ஓடிவந்தார்கள்.

"நூத்தி எட்டா? காதுல ஒரு கொசுச் சத்தம்கூட விழலையேம்மா!"

"திரையைப் பாருங்க சார். திடல்ல உங்க வண்டி மட்டும்தான் இருந்துச்சு. இன்னைக்கு வந்ததுலயே இதுதான் அதிகம்."

டிங்கர் அப்படியே குறுகிப்போனார். வாசற்படியில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடதும்மா. தகரம் தட்டினவன் நான். அவளுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த மாதிரி வளைவை யாராலயும் எடுக்க முடியாது. இவ்வளவு வண்டி செஞ்சும், என்..." தலையில் அடித்துக்கொண்டார். "என் பொண்ணை வெளிய நிக்க வச்சுட்டேனே."

அவர் மனைவி அவர் தோளில் கைவைத்தாள். போன டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது இழுவை வண்டி ஒன்று அறைக்கு முன்னால் வந்து நின்றது. அதன் கொக்கியில் திமில் தொங்கிக்கொண்டிருந்தது. டப்பாவிலிருந்து மெல்லிய புகை. பாப்பா இறங்கி வந்தாள், முகமெல்லாம் கரி.

இழுவை வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"இந்தப் பதினேழாம் நம்பர் உங்களுதுதானே? எங்க இறக்கி விடட்டும்? பிஸ்கட் டப்பாவுல கம்பிநாரை அடைச்சு விட்டா எப்படிங்க ஓடும்? கிளம்பின உடனே முதல் வளைவுலயே மூச்சு முட்டி நின்னுபோச்சு. நேர்ப்பாதைப் பக்கம் வரவே இல்லைங்க."

சத்தம் அளக்கும் பெண் இழுவை வண்டிக்காரரைப் பார்த்தாள். திரையில் இருந்த நூற்றெட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்து விறுவிறுவென்று வேலிப் பக்கம் நடந்தாள். எல்லோரும் பின்னால் போனார்கள்.

பலகையில் தொங்கிய சாப்பாட்டுப் பையை அவள் கழற்றினாள். 'ஒலி அளக்கும் மைக். அருகில் நின்று பேசாதீர்கள்' என்றது பலகை. பக்கத்தில், தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டையோடு, டிங்கரின் கம்பம் அமைதியாக நின்றது.

"அப்பா," என்றாள் பாப்பா மெல்ல. "மூணு தடவையும் இங்கயா நின்னீங்க?"

டிங்கர் முதல்முறையாக வாயைத் திறக்கவில்லை.

சத்தம் அளக்கும் பெண் பையை அவருடைய மனைவியிடம் கொடுத்தாள்.

"இன்னொரு தடவை ஓட்டட்டும்மா, பழைய குழாயே போதும். டப்பாவைக் கழட்டி நீங்க எடுத்துக்குங்க. உள்ள இருக்கிற கம்பிநாரை மட்டும் தூரப் போட்டுடாதீங்க, ஐயா வாயில அடைச்சுக்கட்டும். பொண்ணு ஜெயிச்சதும் எடுத்துடலாம்."