கலைமதி குறுக்கே வராத புல்வெளி

பொங்கல் முடிந்த மறுநாள் மனோகரன் ஒரு சபதம் எடுத்தார். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் அரை ஏக்கர் சரிவை மறுபடியும் பூக்கும் புல்வெளியாக்காமல் ஓய்வதில்லை. ஒரு காலத்தில் காட்டுப்பூ கொட்டிக் கிடந்த இடம். இப்போது முள்புதரும் சீகைக் கன்றும் ஆளை உள்ளே விடவில்லை.

கேத்தியில் அந்த வீடும் நிலமும் மனைவி கலைமதிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தவை. அவளுக்கு அங்கே காய்கறி போட ஆசை. அவள் முந்திக்கொள்வாளோ என்ற பயத்தில் பிறந்ததுதான் சபதமே. மனோகரன் கிளென்மார்கன் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் சூப்பர்வைசர். போன மாசம்தான் ஓய்வு பெற்றுக் குடிவந்திருந்தார். தேயிலையைத் தவிர எந்தச் செடியையும் அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

"புல்வெளியே போடுங்க. நான் குறுக்க வரலீங்க" என்றாள் கலைமதி.

"நெசமாவா?"

"மம்பட்டியத் தொட்டாக் கேளுங்க. ஆனா புதரெல்லாம் வேரோட வரோணும். முக்கால் அடி கொத்தி, கல்லுப் பொறுக்கி, மாட்டெரு போட்டாத்தான் வெதை புடிக்கும்."

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம். மூன்று மாசம் கொத்தினார். இடுப்பு தனியாக, உடம்பு தனியாக வலித்தது.

"வெதைக்கு எங்க போறது?"

"எங்கண்ணன்கிட்ட இருக்குதுங்க. எலை பிசிறு பிசிறா வரும். பூ வெள்ளையா, கொடை விரிச்சாப்பல இருக்கும்."

தன் கையாலேயே விதைத்தார். முளைத்ததும் 'மலர் வனம், மிதிக்காதீர்' என்று பலகை நட்டார். பக்கத்து வீட்டு லூயிஸ் வாத்தியார் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அருமையா வந்திருக்கு சார்."

"பூக்கட்டும், அப்பப் பாருங்க."

"பூக்க விட்டா வீணாப் போயிருமே சார்?"

ரசனை இல்லாத மனுஷன் என்று மனோகரன் மனதார இரக்கப்பட்டார்.

குன்னூர் மலர் ஆர்வலர் குழுவை அழைக்க நாள் குறித்துக் கொடுத்தவளும் கலைமதிதான். விதைத்த நூறாவது நாள், பன்னிரண்டு பேர் கேமராவோடு வந்து சரிவைப் பார்த்தபடி நின்றார்கள். குழுத் தலைவி லிஜி குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாண் நீளம் தொங்கியது.

"சார், இது கேரட்."

மனோகரனுக்கு முகம் சுண்டிப்போனது. டீத்தட்டோடு வந்த மனைவியிடம் திரும்பினார்.

"பூக்கும்னு சொன்னியே?"

"பூக்குமுங்க. பூத்தா கெழங்கு கட்டையாப் போயிரும். இன்னைக்கே புடுங்கோணும், லாரிக்குச் சொல்லியிருக்கறேன்." பிறகு விருந்தாளிகளிடம், "டீயக் குடிச்சுப்போட்டு ஆளுக்கொரு வரிசை புடிங்க. போறப்ப ரெண்டு ரெண்டு கிலோ எடுத்துக்கங்க" என்றாள்.

கேமராக்களை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் இறங்கினார்கள். அசையாமல் நின்ற கணவரிடம் கலைமதி கூடையை நீட்டினாள்.

"மனசு உடாதீங்க. அடுத்த போகமும் உங்க இஷ்டந்தான். பீட்ரூட்டும் பூக்குமுங்க."