நோர்ஃபோக் பற்றி அப்பா அறிந்தவை

அன்புள்ள மகள் டிலக்சிக்கு,

ஒஸ்லோ, ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை அம்மா தினமும் தொலைபேசியில் கேட்டறிந்து எனக்குச் சொல்லாமல் விடுவதால், அங்கும் நலமென்றே எடுத்துக்கொள்கிறேன்.

நீ மிருக வைத்தியராக இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அன்று, "எங்களைத் துரத்தினபடியால் ஓடி வந்தனாங்கள். உன்னை ஆர் துரத்தினது?" என்று கேட்டுவிட்டு, விமான நிலையத்துக்கும் வராமல் இருந்தேன். எட்டு மாதமாகிறது. போன மாதம் நூலகத்தில் உன் நோர்ஃபோக் மாவட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன், சும்மாதான். என்னோடு பஸ் ஓட்டிய ஆனந்தராஜா அதை ரயிலில் கண்டுவிட்டு, பக்கத்து ரொம்மனில் நடக்கும் எங்கள் ஓய்வூதியர் சந்திப்பில் நான் உரையாற்றுவதாக எல்லோருக்கும் அறிவித்துவிட்டார்.

நோர்ஃபோக் தட்டையான பூமி, அதன் பெரிய குன்றே நூறு மீற்றர் சொச்சம்தான் என்று தொடங்கினேன், திரையில் வரைபடம் தலைகீழாக விழுந்ததால் வடக்கே இருக்க வேண்டிய கடல் தெற்கே போய்விட்டது, அதைத் திருப்பப் போன ஆனந்தராஜா வயரில் தடுக்கிக் கரண்டையே நிறுத்திப்போட்டார், நான் இருட்டிலையே ஏரிகளுக்குப் போனன், அந்த ஏரிகள் இயற்கையில்லை, அந்தக் காலத்துச் சனம் அடுப்பெரிக்க, விறகுமாதிரி எரியிற சதுப்பு மண் வெட்டின கிடங்குகளிலை தண்ணி ஏறினது எண்டு சொல்லேக்கை பின்வரிசையிலை குறட்டை கேட்டது, அங்கத்தைக் கடற்கரை ஊர் குரோமரிலை நண்டு பேர்போனது எண்ட பிறகுதான் முழிச்சினம்.

கரண்ட் திரும்பி வந்த பிறகு அந்த மாவட்டத்தின் நோர்விச் நகரத்துக்கு வந்தேன். நானூற்றைம்பது வருடங்களுக்கு முன் கடல் தாண்டி ஓடிவந்த நெசவாளர்களை அந்த நகரம் சேர்த்துக்கொண்டது. ஊரவர் அவர்களை 'அந்நியர்' என்றே அழைத்தார்களாம். வரும்போது கூண்டில் பாட்டுக் குருவிகளையும் கொண்டுவந்தார்களாம். அதை வாசிக்கையில் என் குரல் போய்விட்டது, பிள்ளை. ஓடி வந்தவர்களுக்குக் கதவு திறந்த ஊருக்குத்தான் நீ போயிருக்கிறாய் என்று அப்போதுதான் விளங்கியது.

கேள்வி நேரத்தில் புஷ்பமலர் அக்கா மட்டும் எழும்பினா.

"எல்லாம் சரி, மகேசன். பிள்ளை அங்கை என்ன சமைச்சுச் சாப்பிடுறாள்?"

குன்றின் உயரம் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. கேட்டுச் சொல்லுறன் என்று இறங்கிவிட்டேன். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் கேட்டால் குரல் மறுபடியும் போய்விடும்.

இதை வைத்து நான் அங்கு வருவேன் என்று எண்ணாதே. முழங்கால் சரியில்லை. தட்டையான ஊரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பதில் எழுதினால் போதும்.

நீ நோய்நொடியில்லாமலும், உன்னிடம் வரும் மாடுகள் அளவான நோயோடும் இருக்கப் பிள்ளையாரை வேண்டும்,
அப்பா

பி.கு.: விமான ரிக்கற் எடுத்துப் பத்து நாளாகிறது. அம்மாவுக்கும் நேற்றுத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை வருகிறோம், கடிதம் எங்களுக்குப் பிறகுதான் வந்து சேரும். நான் குளிக்கப் போன நேரம் பார்த்து வாசி. வாசித்ததாகக் காட்டிக்கொள்ளாதே.